கம்பளி பாய் போர்த்திய பூச்செடி

உலகத்தில் உள்ள எல்லா நோய்க்கும், எல்லாச் சண்டைக்கும், புருஷன் பெண்டாட்டி மனஸ்தாபத்துக்கும்கூடக் குளிர்தான் காரணம் என்று மனசார நம்பிய ஒரே மனிதரை எனக்குத் தெரியும். இப்படிப்பட்டவர் ஊட்டியில் கடை வைத்திருந்தால் இந்நேரம் மாடி மேல் மாடி கட்டியிருப்பார். அவர் கடை வைத்திருந்தது கள்ளக்குறிச்சியில்.

கள்ளக்குறிச்சி வெயில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாசி பாதி போனால் தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி மழை வந்து காப்பாற்றும்வரை ஊரே துண்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த ஊர்க் கடைத்தெருவில், தரையிலிருந்து கூரை வரை கம்பளியாக அடுக்கி, நடுவில் கழுத்தில் மஃப்ளரோடு உட்கார்ந்திருப்பார். ஃபேன் கிடையாது. கேட்டால், "காத்து நெஞ்சுல அடிச்சா சளி புடிச்சிக்கும்" என்பார். உள்ளே நுழைந்தவர்கள் வேர்த்து ஊற்றி, வெளியே போனால் போதும் என்று பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு ஓடுவார்கள், அதுதான் அவருடைய வியாபார ரகசியம் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்வார்கள். பெற்றவர்கள் ஏதோ நல்ல பெயர்தான் வைத்திருப்பார்கள். ஊருக்கு அவர் கம்பளி பாய்.

நான் சின்னசேலத்துக்காரி. கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அறிவியல் டீச்சராகப் போட்டார்கள். தினமும் மலை ஏறி இறங்க முடியாது, மேலேயே ஒரு வீடு பார் என்று எல்லாரும் சொன்னதில் கம்பளி பாயிடம் போய்ச் சேர்ந்தேன். அவருடைய அப்பா மலைக்குக் கம்பளி சுமந்துபோய் விற்ற காலத்தில், சரக்கு வைப்பதற்காக வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு மேட்டில் கட்டிய ஓட்டு வீடு அது. வாடகையும் கம்மி.

"ஒரே ஒரு கண்டிசன் டீச்சரம்மா" என்றார். "தோட்டத்துல ஒருத்தர் இருக்காரு. அவரைப் பாத்துக்கணும்."

வயசான ஆள் யாரோ என்று நினைத்து, ஆகட்டும் என்று தலையாட்டினேன். மேலே போய்ப் பார்த்தால் ஆள் இல்லை, நாய்கூட இல்லை. பச்சைக் கம்பளி போர்த்திய ஒரு மேடு இருந்தது. பாய் குனிந்து, தூங்குகிற குழந்தையைப் பார்ப்பது போலக் கம்பளியின் ஓரத்தை விலக்கினார். உள்ளே வெங்காயத் தாள் மாதிரி குத்துக் குத்தாக இலைகள்.

"அகபாந்தஸ்" என்றார்.

பாய் வாயில் டிக்கெட் டிக்கிட்டு ஆகும், பிஸ்கட் பிஸ்கோத்து ஆகும். ஆனால் இந்த ஒரு பெயரை மட்டும் வெள்ளைக்காரத் துரையே கைகட்டி நின்று கேட்கிற மாதிரி சொல்வார்.

கல்யாணமான புதிதில் மனைவியை ஏற்காட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறார். அங்கே ஒரு பங்களா வேலியோரம் இடுப்பு உயரத்துக்குத் தண்டு எழும்பி, உச்சியில் பந்து பந்தாக நீலப்பூ. அந்த அம்மா அதன் முன்னால் நின்றவர் நகரவே இல்லையாம். "நகை கேக்கல, பொடவ கேக்கல டீச்சரம்மா. என் வூட்டுல வாயத் தொறந்து கேட்டது இந்த ஒரு பூதான்" என்றார். கிழங்கு வாங்கிவந்து கள்ளக்குறிச்சி மொட்டை மாடியில் வைத்திருக்கிறார். ஒரே கோடையில் வதக்கின கீரை மாதிரி ஆகிவிட்டது. மறுபடி வாங்கி, மலைக்குக் கொண்டுவந்து நட்டார். வருஷங்கள் போயின. இலை வந்தது, பூ வரவில்லை. இப்போது அந்த அம்மாவுக்கு முட்டி வலி, மலை பஸ்ஸில் ஏற முடியாது.

"ஒரே ஒரு பூவைக் கீழ கொண்டாந்து அவ கைல குடுத்துட்டா போதும்" என்றார் பாய். "ஒவ்வொரு வருசமும் இந்த வருசம் பூத்துரும், இந்த வருசம் பூத்துரும்னு சொல்லிக்கினு இருக்கேன். மொதல்ல சிரிப்பா. இப்பல்லாம் சரின்னுகூட சொல்றதில்ல. எனக்கு அவ மூஞ்சப் பாக்கவே வெக்கமா இருக்குது."

அந்த மேட்டுக் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடியில் கொடியில் உலர்த்திய துணியை அடுத்த ஊரில் போய்த்தான் தேட வேண்டும். மார்கழியில் மேகம் வாசல்படி ஏறி அழையாமலே உள்ளே வரும். காப்பியை ஆற்ற வேண்டிய வேலையே கிடையாது. இப்படிப்பட்ட இடத்தில் வெளியூர்ச் செடியை எப்படி வளர்ப்பது என்று பாய் யாரையும் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். போர்த்து.

செடிக்குத் தண்ணீர் தேங்கக் கூடாது என்று யாரோ சொன்னதால் ஆள் நீளத்துக்கு மண்ணை மேடாகக் கட்டினார். ஆடு மாடு மிதிக்கக் கூடாது என்று சுற்றிலும் செங்கல் நட்டுச் சுண்ணாம்பு அடித்தார். கம்பளி இலையை அமுக்கக் கூடாது என்று மூங்கில் பிளாச்சை வளைத்து நட்டு அதன் மேல் விரித்தார். எந்தக் கம்பளி? கடையில் யாரும் தொடாமல் கிடந்த ஒரு கட்டு. நல்ல பச்சை, ஓரத்தில் ஜரிகைக் கரை. பூச்சி வராமல் இருக்கச் சாம்பிராணிப் புகை போட்டார். தண்ணீர் ஊற்றும்போது, எந்தக் காரியம் தொடங்கினாலும் சொல்வது போல, பிஸ்மில்லா சொன்னார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு நியாயம் தெரியாது அல்லவா? அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எனக்கு அப்போது இருந்த கவலை வேறு. பாயோடு சேர்த்து என்னை யாரும் பார்த்துவிடக் கூடாது. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் மேலே வருவார். சாயங்காலம் நான் ஊருக்குப் போகிற அதே பஸ்ஸில் மலை இறங்குவார். பஸ்ஸில் ஏறியதும் முதல் வேலையாக, "ஜன்னலைச் சாத்துங்க, காத்து வருது!" என்று கத்துவார். மலை இறங்கி கச்சிராயபாளையம் வந்து, கரும்புத் தோட்டத்துப் பக்கம் அனல் அடிக்கும்போதும் கத்துவார். "யோவ் பாய், அவிஞ்சி சாவுறோம்யா!" என்று பஸ்ஸே திரும்பக் கத்தும். அவர் அதைக் காதில் வாங்காமல், கடைசி சீட்டில் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்து, "டீச்சரம்மா! திங்கக்கெழம போனதும் அவரைப் போத்தி வுட்ருங்க! நேத்து ராவெல்லாம் குளுருல இருந்துருக்காரு!" என்பார். பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்க்கும். இந்தம்மா யாரைக் குளிரில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்? புருஷனையா, மாமனாரையா? நான் யாரோ, பாய் யாரோ என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இது போதாதென்று போன். வீட்டில் சிக்னல் கிடையாது. பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பாறை மேல் ஏறி நின்றால்தான் கிடைக்கும். பாய் அழைப்பார் என்பதற்காகத் தினமும் சாயங்காலம் அந்தப் பாறை மேல் ஏறி, கீழே பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அண்ணாந்து பார்க்க, செடி நிலவரம் ஒப்பிப்பேன். ஒப்பித்து ஒப்பித்து எனக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. "நல்லா இருக்காரு பாய். கால் பக்கம் லேசா மஞ்சளா இருக்காரு" என்று நானே சொல்கிற நிலைக்கு வந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் ஒளிச்சேர்க்கைப் பாடம். செடிக்குச் சூரிய ஒளி ஏன் வேண்டும் என்று கரும்பலகை நிறைய அம்புக்குறி போட்டு நடத்தி முடித்தேன். முன் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், உங்க வூட்ல மட்டும் ஏன் கம்பளி போட்டு மூடி வச்சிக்கிறீங்க?" என்று கேட்டது. வகுப்பே சிரித்தது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பட்டம் வாங்கிய அறிவியல் டீச்சர் நான். காலையில் கம்பளி போர்த்திவிட்டு வந்துதான் இந்தப் பாடத்தை நடத்துகிறேன். அந்தச் சனிக்கிழமை பாயிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"பாய், செடிக்கு வெயில் வேணுமாமே."

"வெயில்லதான் டீச்சரம்மா மாடில செத்துது" என்றார்.

எனக்குப் பதில் தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் வாய் வராது. மறுபடி போர்த்தினேன்.

இப்போது ராமாயி வருகிறாள். மேட்டுக்குப் பின்னால் அவள் வீடு. சொத்து என்று பார்த்தால் ஆடுகள்தான். ஒரு மார்கழிக் காலை, சினை ஆடு ஒன்று காணவில்லை என்று அழுதுகொண்டே மலையெல்லாம் தேடியிருக்கிறாள். என் வீட்டு வேலிப் பக்கம் வந்தவள், பச்சைக் கம்பளியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "ஐயா, யாரு பெத்த புள்ளயோ நீ, என் ஆட்ட மட்டும் காட்டிக் குடுத்துடு, ஒரு தேங்கா ஒடைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டாள். அந்த நிமிஷமே கம்பளிக்குள்ளிருந்து "ம்ம்மே" என்று சத்தம் வந்தது.

ஆடு உள்ளே சுகமாகப் படுத்திருந்தது. அந்தக் குளிரில் மலையிலேயே கதகதப்பான இடம் அதுதான். ஆட்டுக்குத் தெரிந்திருந்தது.

நான் பல் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தபோது ராமாயி தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"இத்தன நாளா சொல்லாமயே இருந்துட்டியே டீச்சரம்மா! இவ்ளோ பெரிய அவுலியா இங்க படுத்துக்கினு இருக்காரு, நீ பாட்டுக்குத் துணி காயப் போட்டுக்கினு இருக்குற!"

நான் பதறிப்போய், "அவுலியாவும் இல்ல, தர்காவும் இல்ல, இது செடி" என்றேன்.

"செடிக்கு எவனாவது கம்பளி போத்துவானா?"

கம்பளியை விலக்கி இலையைக் காட்டினேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "மேல பச்ச மொளச்சிருக்குது பாரேன், அப்ப இன்னும் விசேசம்" என்றாள்.

அதற்குப் பிறகு என் மானம் போன வேகத்தைச் சொல்ல ஒரு வாய் போதாது. காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிவந்தார்கள். செல்போனைத் தொலைத்தவன் வந்தான். கிடைத்துவிட்டது என்று சொல்ல மறுபடி வந்தான். மயிலிறகால் தடவி விடச் சொல்லி என்னைக் கேட்டார்கள். மயிலிறகு இல்லை என்றதும் ஒருவர் வாங்கிவந்தே கொடுத்துவிட்டார். ஒரு நாள் இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின சாயங்காலம், எங்கள் தலைமையாசிரியர் சட்டைப்பையில் எலுமிச்சம்பழத்தோடு வந்து, என்னைப் பார்த்ததும் சும்மா நடைப்பயிற்சிக்கு வந்தேன் என்றார். பழத்தை வைத்துவிட்டுத்தான் போனார். எல்லாவற்றுக்கும் மேலாக, பஸ் கண்டக்டர் என் நிறுத்தம் வந்ததும் வாய் நிறைய, "தர்கா ஸ்டாப்பெல்லாம் எறங்கு!" என்றார்.

சனிக்கிழமை பாய் வந்தார். அந்த நேரம் பார்த்து இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாய் முதலில் தேங்காய் மூடியைப் பார்த்தார். பிறகு ஊதுவத்தியைப் பார்த்தார்.

"யா அல்லா! குருத்துலயே சொருகிக்கிறாங்களே!" என்று ஓடிப்போய்ப் பிடுங்கி, நெருப்புப் பட்ட இலையை வாயால் ஊதினார். செடிக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகுதான் மற்றது உறைத்தது. எழுந்து நின்று, செங்கல்லைப் பார்த்தார். பச்சையைப் பார்த்தார். ஜரிகையைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அன்றுதான் முதல்முறையாக மற்றவர்கள் கண்ணால் பார்த்தார் என்று நினைக்கிறேன். அப்படியே சரிந்து என் வாசல்படியில் உட்கார்ந்து, மஃப்ளரை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தவ்பா, தவ்பா, அல்லா மன்னிக்கணும். யாரும் இல்லாத எடத்துல அவுலியா இருக்காருன்னு காட்டிட்டேனே டீச்சரம்மா. நாளைக்கு செத்து மேல போனா இன்னா பதில் சொல்லுவேன்? அதுக்கு முன்ன, வெள்ளிக்கெழம தொழுவப் போனா ஜமாத்துல இன்னா பதில் சொல்லுவேன்? கம்பளி விக்காததால தர்கா தொறந்துட்டான்னு இல்ல சொல்லுவாங்க?"

மஃப்ளருக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. அவரை நினைத்து ஒளிந்து ஒளிந்து வெட்கப்பட்டவள் நான். அவரே வெட்கப்பட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

பாய் எழுந்து போய் எல்லாரிடமும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். "அம்மா, ஐயா, கேளுங்க. இங்க யாரையும் பொதைக்கல. இது பூச்செடி. என் வூட்டுக்காரிக்காக வச்சேன். நான் கம்பளி விக்கிறவன். வேற ஒண்ணும் தெரியாது எனக்கு."

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. "பாத்தியா, பெரியவங்க எப்பயுமே வெளிய சொல்ல மாட்டாங்க" என்றாள் ராமாயி.

மறுவாரம் பாய் ஒரு பலகை எழுதிவந்து நட்டார். 'இது அகபாந்தஸ் செடி. வேறு எதுவும் இல்லை.' இதுவரை பெயர் தெரியாமல் இருந்த அவுலியாவுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அகபாந்தஸ் பாவா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பலகைக்கும் ஒரு மாலை விழுந்தது.

கடைசியில் பாய் ஒரு முடிவுக்கு வந்தார். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கம்பளிய எடுத்துரலாம் டீச்சரம்மா. கம்பளி இருக்கறவரைக்கும் இந்தக் கூட்டம் நிக்காது."

"காத்து, குளுரு?"

"சாவட்டும். இன்னா பண்றது? ஒரு பூவுக்காக ஊரையே ஏமாத்த முடியுமா? அவகிட்ட நான் சொல்லிக்கிறேன். இனிமே பூக்காதுன்னு சொல்லிட்டா, வருசா வருசம் பொய் சொல்ல வேணாம் பாரு."

கம்பளியை எடுத்தார். பிளாச்சைப் பிடுங்கினார். வெளுத்துப்போய்க் கிடந்த இலைகளை ஒரு தடவை கையால் நீவிவிட்டார். அன்று பஸ்ஸில் ஜன்னலைச் சாத்தச் சொல்லிக் கத்தவே இல்லை. பஸ்ஸில் எல்லாருக்கும் ஒரு மாதிரி இருந்தது. "இன்னா பாய், ஒடம்பு செரியில்லயா?" என்று டிரைவரே கேட்டார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் திங்கட்கிழமை நான் திரும்பி வந்தபோது செடி மறுபடி போர்த்தியிருந்தது. பழைய வேட்டி, யாரோ ஒருத்தியின் புடவை, ஒரு கோணி, குழந்தையின் ஸ்வெட்டர் ஒன்று. பாவா குளிரில் நடுங்குகிறாரே என்று ஆளுக்கு ஒன்று கொண்டுவந்து போர்த்திவிட்டார்கள். அந்த மலையில் குளிருக்கு இருக்கிறதே ஒரு போர்வை என்கிற வீட்டிலிருந்தெல்லாம் வந்திருந்தது. அதைப் பார்த்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் பாய் எதற்காகக் கம்பளியை எடுத்தாரோ அது வீணாகக் கூடாது. பள்ளிக்கூடம் போவதற்கு முன் எல்லாவற்றையும் உருவி, மடித்து வாசலில் வைத்தேன். மறுநாள் மறுபடி போர்த்தியிருந்தது. மறுபடி உருவினேன். துணி திருடுகிறவள் மாதிரி அக்கம்பக்கம் பார்த்து உருவிக்கொண்டிருந்தபோது ராமாயியிடம் கையும் களவுமாகப் பிடிபட்டேன்.

"அடிப்பாவி! ஐயா குளுருல நடுங்குறாரு, நீ போர்வய உருவிக்கினு இருக்குறியா? படிச்சவதான நீ?"

சத்தம் கேட்டு இன்னும் நாலு பேர் வந்துவிட்டார்கள். என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அம்மாக்கள். கையில் புடவையோடு, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். ஒளிச்சேர்க்கை, பச்சையம், கரியமில வாயு எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. ஒன்றும் எடுபடாது என்று தெரியும். அப்போது என் வாயிலிருந்து ஒன்று வந்தது. நான் படித்த படிப்புக்கெல்லாம் அது அவமானம்.

"நேத்து கனவுல வந்தாரு" என்றேன்.

ராமாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "இன்னா சொன்னாரு?"

"எனக்குப் போர்வை வேணாம், வெயில்தான் வேணும்னாரு. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மேல நல்லா வெயில் படணுமாம். எதையும் போட்டு மூடக் கூடாதாம். அந்தப் போர்வைய வூட்ல குழந்தைங்களுக்குப் போத்துங்கன்னு சொன்னாரு."

கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நடத்தியிருந்தாலும் நம்பியிருக்காதவர்கள், ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் போர்வைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். அதுவும் போதாதென்று, மேட்டின் மேல் நிழல் விழுகிறது என்று வேலியோர மரத்தின் கிளையை ராமாயியே ஏறி வெட்டிப் போட்டாள். என் ஆசிரியப் பணியில் நான் நடத்திய வகுப்புகளில் இவ்வளவு நன்றாகப் புரிந்துகொள்ளப்பட்டது வேறு எதுவும் இல்லை. அதை வெளியே சொல்லிக்கொள்ளத்தான் முடியாது.

பாயிடம் மறைக்க முடியவில்லை. பாறை மேல் ஏறி நின்று, குரலைத் தாழ்த்திப் போனில் சொன்னேன். திட்டப்போகிறார், பாவத்துக்கு மேல் பாவம் சேர்த்துவிட்டாய் என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"டீச்சரம்மா" என்றார் கடைசியில். "ஒரம் பத்தி எதுனா சொன்னாரா?"

தை போனது, மாசி போனது. காற்று இலைகளைப் போட்டு அடித்தது. நுனியெல்லாம் கருகி, செடி பார்க்கவே பரிதாபமாக இருந்தது. "நின்னுக்கினு இருக்காரா?" என்று தினமும் கேட்பார் பாய். "நின்னுக்கினுதான் இருக்காரு" என்பேன். பங்குனியில் ஒரு நாள் இலைகளுக்கு நடுவில் பென்சில் மாதிரி ஒரு தண்டு எட்டிப் பார்த்தது. அதன் நுனியில் மெல்லிய தோல் மூடிய ஒரு மொட்டு. பக்கத்தில் இன்னும் இரண்டு. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்பதுகூட மறந்து, பாறைக்கு ஓடி ஏறி, கீழே பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் கேட்கப் போனில் கத்தினேன். "பாய்! வந்துட்டாரு பாய்!"

சித்திரை பிறந்த வாரம் பாய் வந்தபோது மூன்று பூவும் விரிந்திருந்தன. அந்த நீலத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காற்று அடிக்கும்போது தண்டு வளைந்து கொடுத்து மறுபடி நிமிர்ந்தது. இத்தனை வருஷம் எந்தக் காற்றுக்குப் பயந்து மூடி வைத்தோமோ அந்தக் காற்று அதை ஒன்றும் செய்யவில்லை. பாய் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போனார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

மலை ஜனமெல்லாம் ஏற்கெனவே கூடியிருந்தது. பாய் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்தார்.

"ஐயோ, கத்தி வைக்காதீங்க!" என்று ராமாயி குறுக்கே விழுந்தாள். "பாவா பூத்துருக்காரு. அதுல போயி யாராவது கை வைப்பாங்களா?"

"எம்மா, அது என் செடிம்மா."

"ஒங்க செடியா? ஒங்களுக்காவது ஒரு நா கனவுல வந்தாரா?"

பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பூமி பிளந்தால் இறங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது.

அதன்பின் அவர் அதட்டவில்லை, உரிமை பேசவில்லை. கத்தியை மடித்து உள்ளே வைத்துவிட்டு, மஃப்ளரின் நுனியைத் திருகிக்கொண்டு, அத்தனை பேர் முன்னால், கல்யாணம் பேச வந்த பையனைப் போலக் கூசிக்கொண்டு சொன்னார்.

"என் வூட்டுல ஆசப்பட்டு கேட்டா. கல்யாணமான புதுசுல. இன்னும் குடுக்கல. அவளால இங்க ஏறி வர முடியாது, முட்டி வலி. ஒண்ணே ஒண்ணு குடுத்தீங்கன்னா கொண்டுபோயி காட்டிருவேன்."

ராமாயி இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்து, மூன்றில் பெரியதாகப் பார்த்து ஒரு தண்டை அடியோடு அறுத்து நீட்டினாள்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? இந்தாங்க. பாவா குடுத்தாருன்னு சொல்லிக் குடுங்க. முட்டி வலியும் போயிரும்."

தன் தோட்டத்தில், தன் கையால் நட்டு, தன் கம்பளியைப் போர்த்தி வளர்த்த பூவைக் கம்பளி பாய் தலைகுனிந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "தவ்பா, தவ்பா" என்று முணுமுணுத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் பஸ் வந்தது. பாய் முன்னால் இரண்டு பேர் உட்காரும் சீட்டில் ஏறி, பூவின் தண்டைச் சின்னக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பஸ்ஸே எட்டி எட்டிப் பார்த்தது. வழக்கம்போலக் கடைசி சீட்டுக்குப் போகத்தான் கால் வைத்தேன். என்னவோ, போக மனசு வரவில்லை. திரும்பிவந்து அவர் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மலை இறங்கி, கச்சிராயபாளையம் வந்து, கரும்புத் தோட்டத்து அனல் பஸ்ஸுக்குள் வீசியது. நீல இதழ்கள் லேசாகப் படபடத்தன.

"டீச்சரம்மா" என்றார் பாய் மெதுவாக. "ஜன்னல்... காத்து வருது."

சித்திரை வெயிலில், பஸ் முழுக்க என்னைத் திட்டத் திட்ட, நான் ஜன்னலைச் சாத்தினேன்.